பொல்கொல்லைக்கு பஸ் ஏறுமுன்

மாத்தளையிலிருந்து திறந்த பல்கலைக்கழகத்தின் பொல்கொல்லை நிலையத்துக்குப் படிக்கப் போகிறீர்களா? முதலில் பாடக் குறியீட்டை வாசிக்கப் பழகுங்கள். ஈஈஎக்ஸ் 3410 என்றால், 3 என்பது மட்டம், 4 என்பது கிரெடிட், கடைசி இரண்டும் பாடத்தின் அடையாள எண். பட்டப்படிப்பின் முதலாமாண்டு இங்கே 3ஆம் மட்டம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1இல் தொடங்கும் பாட எண்ணைப் பார்த்த அண்ணாமாரிடம் கேட்டால் குழப்பம்தான். இலங்கைத் தகைமைகள் சட்டகப்படி ஒரு கிரெடிட்டுக்கு 50 மணிநேரக் கற்றல், சொந்தப் படிப்பும் சேர்த்து. நாலு கிரெடிட்டுக்கு 200! வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டே பாடங்களைத் தெரிவு செய்யுங்கள். டே ஸ்கூல் எனப்படும் நேரடி வகுப்பைத் தவறவிட்டால் புத்தகத்தை வைத்துச் சமாளிக்கலாம், ஆய்வுகூட வகுப்பை அப்படிச் சமாளிக்க முடியாது. நேரசூசி வந்தவுடன் அந்த நாட்களுக்கு லீவு கேளுங்கள்.