பெண்டிர் கூடைப்பந்தாட்டமும் தேக உழைப்பும்

கூடைப்பந்தாட்டத்தைக் காண்போர் பலர் பந்து கூடையில் வீழ்வதையே நோக்குவர். அதன்பொருட்டு ஆடுவோரின் தேகம் படும் பாட்டை எண்ணுவோர் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வாட்டத்தையே தொழிலாகக்கொண்ட பெண்மணிகளை உதாரணமாக வைத்து, அவ்வுழைப்பின் தன்மையை ஈண்டு ஆராய்வோம்.

1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், மஸாச்சூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரிலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் இவ்வாட்டத்தை அமைத்தார். மறு வருஷமே அம்மாகாணத்து ஸ்மித் கல்லூரியின் தேகப்பயிற்சி ஆசிரியையாகிய ஸெண்டா பெரன்ஸன் அம்மையார் அதனைப் பெண்களுக்குக் கற்பித்தார். ஆயினும், மிகுந்த ஓட்டமும் முரட்டுத்தனமும் பெண்களுக்கு ஒவ்வாவென்னும் அக்காலக் கருத்திற்கிணங்கக் களம் மூன்று கூறாக்கப்பட்டது. ஒருத்தி தன் கூற்றைவிட்டு நீங்கலாகாது. பந்தை மூன்று விநாடிக்குமேல் கையில் வைத்திருத்தலுங் கூடாது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐவர் ஐவராய் முழுக்களத்திலும் ஆடும் முறை 1971-ஆம் வருஷத்திலேதான் நிலைபெற்றது. 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக் பந்தயத்தில் பெண்டிர் கூடைப்பந்து முதன்முறை இடம்பெற்றது. 1996-இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் பெண்டிர் தொழில்முறைச் சங்கம் 1997-இல் ஆட்டங்களைத் தொடங்கிற்று.

இச்சங்கத்தின் ஆடுகளம் 94 அடி நீளமும் 50 அடி அகலமும் உடையது. ஆட்டம் பத்து நிமிஷம் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறும். பந்தைப் பெற்ற கட்சியார் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிதல் வேண்டும். ஆதலின் சோம்பி நிற்க இடமில்லை.

நெடுந்தூரம் ஓடுவோன் ஒரே சீராக ஓடுகின்றான். கூடைப்பந்தாடுபவளோ இரண்டு மூன்று விநாடிக்கொருமுறை தன் இயக்கத்தை மாற்றுகின்றாள்: பாய்கிறாள், நிற்கிறாள், பக்கவாட்டில் நகர்கிறாள், திரும்புகிறாள், குதிக்கிறாள். திடீர்ப் பாய்ச்சலுக்குத் தசைகளில் சேமித்துள்ள சக்தி சில விநாடிகளிற் குறைந்துபோம். இடையிற் கிட்டும் சிறு ஓய்விலே, மூச்சினால் வரும் பிராணவாயுவின் துணைகொண்டு அது மீண்டும் நிரம்புதல் வேண்டும். ஆகவே இவளுக்கு விரைவு, தாங்குந்திறன் ஆகிய இரண்டும் ஒருங்கே வேண்டும். ஆட்டத்தின் பெரும்பகுதியில் இருதயம் தன் உச்சத் துடிப்பில் பத்தில் எட்டுப் பங்கிற்கும் மேலாகத் துடிக்கின்றது.

இவ்வுழைப்பின் பாரத்தை மிகுதியுந் தாங்குவது முழங்கால். குதித்து இறங்குங்கால் தேகத்தின் எடையினும் பன்மடங்கு விசை அதன்மேல் விழுகின்றது. முழங்காலினுள்ளே எலும்புகளைப் பிணைத்துநிற்கும் குறுக்கு நார்களுள் முன்னது அறுபடுதல், இதே ஆட்டத்தை ஆடும் ஆடவரைக் காட்டிலும் பெண்டிர்க்கு இருமடங்கிற்குமேல் நேர்கின்றது. பெரும்பாலும் பிறர் மோதாமலே, இறங்கும்போதோ சடுதியில் திரும்பும்போதோ அது அறுபடும். அறுந்தால் பல மாதங்கள், சிலர்க்கு ஒரு வருஷம்வரை, களத்தை விட்டிருக்க நேரும்.

இதனைக் கேட்டு, பழைய விதிகளே நலமென்று ஒருவர் கூறலாம். அது பொருந்தாது. முழங்கால்கள் உட்சாயாதபடி மடக்கி மெல்ல இறங்கவும், பின்தொடைத் தசைகளை வலிவாக்கவும் இளமையிலேயே பயிற்றினால் இத்தீங்கு பெரிதுங் குறைகின்றதென்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. களத்தைச் சுருக்குதலினும் ஆடுவோரை ஆயத்தப்படுத்துதலே மேலான காப்பாகும்.

ஓய்வும் அக்காப்பின் ஒரு பகுதியே. 2025-ஆம் வருஷத்தில் ஒவ்வொரு கட்சியும் நான்கு மாதத்திற்குள் 44 ஆட்டங்கள் ஆடிற்று. ஊர்விட்டு ஊர் செல்லும் அலைச்சலும் உடனிருந்தது. 2024-இல் எல்லாக் கட்சிகளுக்கும் தனி விமானங்கள் ஏற்படுத்தப்பட்டமை, உறக்கமும் உழைப்பின் ஓர் அங்கமென உணர்ந்ததன் பயனெனலாம்.

ஆதலின், பெண்மக்களை ஆடவிடலாமோ என்னும் வினாவை இனி விடுத்து, அவர்க்குத் தக்க பயிற்சியும் உணவும் ஓய்வும் அளித்தோமா என நம்மை நாமே வினவுவோமாக.