எந்த கிரியேட்டிவ் டீமில் சேரலாம்?

டிஜிட்டல் ஸ்க்ராப்புக்கிங்கில், அதாவது கணினியில் புகைப்பட ஆல்பப் பக்கங்களை அலங்கரிப்பதில், கொஞ்சம் கை பழகிவிட்டால், பிடித்த டிசைனரின் கிரியேட்டிவ் டீமில் சேர வேண்டும் என்ற ஆசை தானாக வரும். ஆள் தேவை என்று அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுகிறவர்கள் நிறைய. அவசரப்படாதீர்கள். டீம்களில் பல வகை உண்டு. ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குச் சுமையாகிவிடும்.

ஸ்க்ராப்புக்கிங் என்ற இந்தப் பொழுதுபோக்கு இன்றுள்ள வடிவத்தில் வளர்ந்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில். 1980இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஆவண மாநாட்டில் மேரிலன் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி தன் குடும்ப ஆல்பங்களைக் காட்சிக்கு வைத்தார், அதிலிருந்து பரவியது. அப்போது காகிதமும் கத்தரியும் பசையும். கணினியில் பக்கத்தின் வழக்கமான அளவு 12 அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 3600க்கு 3600. டிசைனர் விற்கும் 'கிட்'டில் பின்னணித் தாள்கள் ஜேபெக் கோப்புகளாகவும், பூ, ரிப்பன், பட்டன் போன்றவை பின்புலம் இல்லாத பிஎன்ஜி கோப்புகளாகவும் இருக்கும்.

கிட்டை வெறுமனே காட்டினால் விற்காது. உண்மையான புகைப்படத்தோடு சேர்ந்து அது எப்படி அமைகிறது என்று வாங்குபவர் பார்க்க வேண்டும். அப்படிக் காட்டும் பக்கங்களைச் செய்து தருவதுதான் டீமின் வேலை. வெளியீட்டுக்கு முன்பே கிட் உங்களுக்கு இலவசமாக வரும். குறித்த தேதிக்குள் பக்கம் முடித்து, டிசைனர் பெயரோடு இணையக் கேலரியில் போட வேண்டும். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. உழைப்புக்குக் கூலி அந்தக் கிட்தான். ஆகவே, காசு கொடுத்தாவது வாங்கியிருப்பேன் என்று சொல்லக்கூடிய கிட்களைச் செய்கிற டிசைனரிடம் மட்டும் போங்கள்.

தனி டிசைனரின் டீம் என்றால் ஆட்கள் குறைவு, பேச்சு நேரடி. பக்கத்தில் எது சரியில்லை என்று டிசைனரே சொல்லித் தருவார். ஆனால் ஒரே கையின் ரசனையோடு மாதக்கணக்கில் வாழ வேண்டும். வெளிறிய ரோஜாவும் சாம்பலுமாகவே செய்கிறவரின் கிட்டில், மஞ்சளும் குங்குமச் சிவப்புமான நம் வீட்டுக் கல்யாணப் படத்தை வைத்துப் பாருங்கள், இரண்டும் அடித்துக்கொள்ளும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிச் சமாளிக்கலாம். எல்லாப் படத்தையும் அப்படி ஆக்க மனம் வருமா?

கடை நடத்தும் டீமில் பல டிசைனர்களின் கிட் கிடைக்கும். தேர்ந்தெடுக்க நிறைய, செய்து முடிக்கவும் நிறைய. வேகமாகப் பக்கம் செய்கிறவர்களுக்கு இது ஏற்றது. படம், தாள் வைக்கும் இடங்களை முன்பே வகுத்துத் தரும் டெம்ப்ளேட் டிசைனர்களின் டீமைப் பலர் கவனிப்பதில்லை. நல்ல படங்கள் கைவசம் இருந்தும் எதை எங்கே வைப்பது என்று திணறுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

புதியவர்களுக்கு நான் சொல்வது, ஒரு டீமில் தற்காலிக உறுப்பினராக, அதாவது கெஸ்ட்டாக, ஒரு மாதம் இருந்து பாருங்கள் என்பதுதான். வீட்டுவேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே தேதிக்குள் முடிக்க முடிகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இலையுதிர்காலக் கிட்டும் கிறிஸ்துமஸ் கிட்டும் அந்தப் பருவத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். பனியே பார்க்காத ஊர்க்காரர் பனிமனிதன் கிட்டில் எந்தப் படத்தை வைப்பது என்பதும் அப்போதுதான் புரியும்.

விண்ணப்பத்துக்கு எந்தப் பக்கங்களை அனுப்புவது? நிழல் சரியாக விழுந்த பக்கங்களை. தேர்ந்த கண் முதலில் போவது அங்கேதான். தாளுக்கு மெல்லிய, நெருக்கமான நிழல். தடித்த பூவுக்கு அகலமாக, மங்கலாக. நூலின் நுனி தாளைவிட்டு எழும்பி நிற்பதாகக் காட்ட வேண்டுமென்றால், நிழலைத் தனி லேயராகப் பிரித்து, அந்த நுனியில் மட்டும் சற்றுத் தள்ளி வளைத்துவிட வேண்டும். எல்லா நிழலும் ஒரே பக்கம் விழ வேண்டும். பூவின் நிழல் வலப்புறமும் சட்டத்தின் நிழல் இடப்புறமும் கிடந்தால் பக்கம் உடனே பொய்யாகிவிடும்.

இந்த வேலைக்கு ஃபோட்டோஷாப் எலிமெண்ட்ஸ் வசதி; ஆனால் 2025 பதிப்பிலிருந்து அது 3 ஆண்டு உரிமமாகத்தான் விற்கப்படுகிறது. செலவு வேண்டாம் என்றால் ஜிம்ப் போதும். கேன்வாவில் அழகான பக்கம் செய்யலாம். நிழலை இவ்வளவு நுணுக்கமாக வளைக்க அது தோதுப்படாது.

எந்த டீமிலும் சேராமல் இருப்பதும் நல்ல முடிவுதான். தாத்தா பாட்டி காலத்துப் படங்களை வரிசைப்படுத்தி ஆல்பம் போட நினைப்பவருக்கு, வாரா வாரம் வரும் புதுக் கிட்கள் இடைஞ்சல். அவர் பிடித்த ஒரு கிட்டைக் காசு கொடுத்து வாங்கி, முழு ஆல்பத்தையும் அதிலேயே செய்யட்டும்.

சேருவதானால் இரண்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டீமைவிட்டு விலகிய பிறகும் இலவசமாகக் கிடைத்த கிட்களைப் பயன்படுத்தலாமா? அவற்றில் பிறருக்குக் காசு வாங்கிக்கொண்டு பக்கம் செய்து தரலாமா? சொந்த உபயோக உரிமம் பெரும்பாலும் இரண்டாவதற்கு இடம் தராது. நீங்கள் செய்யும் பக்கம் டிசைனரின் விளம்பரமாகவும் போகும் என்பதால், குழந்தையின் முழுப் பெயர், பள்ளிச் சீருடை, வீட்டு வாசல் எண் தெரியும் படங்களை டீம் வேலையில் வைக்காதீர்கள். அவற்றை அதே கிட்டில் தனியாகச் செய்து, அச்சிட்டு, வீட்டு ஆல்பத்தில் சேருங்கள்.