வண்டிக் கொட்டகையைச் செப்பஞ் செய்தல்

வீட்டின் முன்கூடம் விருந்தினர் காண்பதாகலின் அதனை நாடோறும் துலக்குகின்றோம். பின்புறத்துக் கொட்டகையோ பிறர் கண்ணிற் படாமையின் நமது சோம்பலுக்கு உறைவிடமாகின்றது. நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்னும் வானம் பார்த்த பூமியில், முன்னாளில் மாட்டு வண்டியும் கலப்பையும் இருந்த இடத்தில் இந்நாளில் மோட்டார் சைக்கிளும் மருந்து தெளிக்குங் கருவியும் இருக்கின்றன. பழையன கழியவில்லை, புதியன அவற்றின்மேல் ஏறின. ஆதலின் இதனை ஒழுங்கு செய்யும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வொழுங்கு அழகு கருதியதன்று, உயிர் கருதியது. 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பீகார் மாகாணத்துச் சரண் மாவட்டச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் நண்பகலுணவு உண்ட சிறுவர் 23 பேர் மாண்டனர். அவ்வுணவிலும் சமையலெண்ணெயிலும் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தமையைச் சோதனை காட்டிற்று. நம் கொட்டகையிலும் மருந்துக் குப்பியும் தானிய மூட்டையும் ஒரே பரணில் இருப்பின், அத்தகைய இடர் நம் வாயிலில் நிற்கின்றதன்றோ?

இனி, முறையைக் கூறுவாம்.

முதலாவது, ஐப்பசி மழைக்கு முன்னரே ஒரு நாளைக் குறித்துக்கொள்க. பகல் வெளிச்சத்திலேயே தொடங்குக. குவியலைக் கோலால் தட்டியபின்னரே கைவைக்க வேண்டும். எலியை நாடி நல்ல பாம்பும், குளிர்ந்த இருளை நாடிக் கட்டுவிரியனும் அங்கே ஒதுங்கியிருத்தல் கூடும். கடியுண்டவரைக் கட்டுப்போடாமலும் கீறாமலும் விரைந்து மருத்துவமனை சேர்ப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, பொருள்கள் யாவற்றையும் முற்றத்திற் பரப்பி, வேண்டுவன, பழுது பார்க்கத் தக்கன, கழிக்கத் தக்கன என மூன்றாகப் பகுக்க. இங்கேதான் மனம் தடுமாறும். எம் கொட்டகையைத் துலக்கியபோது பாட்டனார் கைபட்ட கமலைச் சால் ஒன்று கிடைத்தது. கிணற்றில் மின்சார மோட்டார் வந்தபின் அதற்கு வேலையில்லை. எனினும் எறிய மனம் வரவில்லை. அதனைத் துடைத்துச் சுவரில் மாட்டினோம். அதனோடு கிடந்த இற்ற கயிறுகளையும் ஓட்டைத் தகரங்களையும் கழித்தோம். நினைவுக்கு ஒரு பொருள் போதும், குவியல் வேண்டுவதில்லை.

மூன்றாவது, இடம் வகுத்தல். பூச்சி மருந்தைப் பூட்டுடைய பெட்டியில், சிறுவர்க்கு எட்டாத உயரத்தில், அதன் மூலக் குப்பியிலேயே வைக்க. வெறுங்குப்பியை மும்முறை அலசித் துளையிட்டுவிடுக. அதில் எண்ணெயோ நீரோ ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது. விதையும் தானியமும் கொட்டகைக்கு வெளியே வேறிடத்தில் இருத்தல் வேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமாகலின் தரையோடு தவழும். அடுப்பும் விளக்கும் அதனை அணுகலாகா. பழைய டயரில் தேங்கும் மழைநீர் டெங்குக் கொசுவுக்குத் தொட்டிலாம். அதனை நனையாதவாறு வைக்க, அன்றேல் அகற்றுக.

ஜப்பானியர் தம் தொழிற்சாலைகளில் பிரித்தல், அடுக்குதல், துலக்குதல், நிலைப்படுத்தல், பழக்கமாக்கல் என ஐந்து படிகளை வகுத்தனர். முன்னவை நான்கும் ஒரு நாளில் தொடங்கத் தக்கன. ஐந்தாவதோ வாழ்நாள் முழுதும் தொடர்வது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம் வீட்டார் அனைவர்க்கும் வாய்க்குமாயின், கொட்டகை மீண்டுங் குப்பையாகாது. வீட்டிற்கும் ஏதம் வாராது.