நெல்லூர் ஜில்லா மாதரும் சாராய ஏலமும்

ஒரு குடும்பத்தின் வறுமைக்கு வருமானக் குறைவு மட்டுமே காரணமன்று. வந்த கூலி எவ்வழியாக வீட்டைவிட்டு வெளியேறுகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். இவ்வாராய்ச்சியைப் பண்டிதர் துணையின்றித் தாமே செய்து முடித்தவர்கள் ஆந்திரப் பிரதேசத்து நெல்லூர் ஜில்லாவின் கிராம மாதர். 1953 வரை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த அந்த ஜில்லாவில் 1992-ல் நிகழ்ந்தவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

அக்காலத்தில் அந்த ராஜ்யத்தில் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஏலம் எடுத்த குத்தகைதாரர் தாம் கட்டிய தொகையை மீட்டு லாபமும் காண வேண்டுமாயின் விற்பனையைப் பெருக்கியே தீரவேண்டும். ஆகவே, சிறு பைகளில் அடைத்த சாராயம் மூலைமுடுக்கெல்லாம் சென்றது. குடிநீருக்கு வழியில்லாத ஊருக்கும் சாராயப் பை தவறாமல் வந்தது! 1970-71-ல் சர்க்காருக்கு மதுவகைகளால் கிடைத்த வருமானம் சுமார் 39 கோடி ரூபாய். 1991-92-ல் அது சுமார் 812 கோடி. இத்தொகையில் பெரும்பகுதி கூலியாட்களின் மடியிலிருந்து வந்ததே. கிலோ 2 ரூபாய் விலையில் அரிசி வழங்கும் திட்டத்தை அதே சர்க்கார் 1983-ல் தொடங்கியிருந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறுகை வாங்கிக்கொண்டது எனலாம்.

இந்நிலையில் முதியோர் எழுத்தறிவு இயக்கம் கிராமங்களுக்கு வந்தது. பகலெல்லாம் வயலில் உழைத்த மாதர் இரவில் விளக்கொளியில் கூடிப் படித்தனர். குடிகாரக் கணவனால் சீரழிந்த ஓர் ஏழைப் பெண்ணின் கதை அவர்களுக்குப் பாடமாக இருந்தது. அது தங்கள் கதையே என்று தூபகுண்டா கிராமத்தார் உணர்ந்தனர். ரோசம்மா முதலியோர் முன்னிற்க, அவ்வூர் மாதர் ஒன்றுகூடிச் சாராயக் கடையை மூடச் செய்தனர். அச்செய்தியே பிறகு பாடப் புத்தகத்தில் ஏறிற்று. அதனைப் படித்த பிற ஊர் மாதரும் கடை வாயிலில் அமர்ந்தனர். சாராய வண்டிகளை வழிமறித்தனர். சில ஊர்களில் குடித்துவந்த ஆடவருக்கு அவமானத் தண்டனை அளித்ததும் உண்டு. அதனை நாம் பாராட்ட வேண்டுவதில்லை. பெரும்பாலும் அமைதியே அவர்களுடைய ஆயுதமாயிருந்தது.

ஆயின், ஓர் ஊரில் கடையை மூடினால் குடிப்பவன் அடுத்த ஊருக்கு நடந்து செல்கிறான். குத்தகை உள்ளவரை கடை மீண்டும் முளைக்கும். இதனை அம்மாதர் விரைவிலேயே கண்டுகொண்டதுதான் இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். கணவனோடு சண்டையிடுவதை விடுத்துக் கடைக்குச் சென்றவர்கள், கடையை விடுத்து ஏலம் நடக்கும் இடத்திற்கே சென்றனர். கூலியை இழந்து, குழந்தைகளை இடுப்பில் ஏந்தி, நெல்லூர் நகரில் திரண்டனர். ஏலம் மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. இறுதியில் 1993 ஏப்ரலில் நெல்லூர் ஜில்லாவிலும், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் ராஜ்யம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது.

எஞ்சியது ஓட்டு. 1994 டிசம்பரில் சட்டசபைத் தேர்தல் வந்தபோது, பூரண மதுவிலக்குக் கொணர்வதாக என். டி. ராமராவ் வாக்களித்தார். அவருடைய தெலுங்கு தேசம் கட்சி 294 ஸ்தானங்களில் 216-ஐப் பெற்றது. மலிவு அரிசி போன்ற வேறு வாக்குறுதிகளும் இருந்தமையால், மதுவிலக்கு ஒன்றே வெற்றிக்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும் மாதர் ஓட்டைப் புறக்கணித்து அந்தத் தேர்தலில் எவரும் பேச இயலவில்லை. 1995 ஜனவரியில் பூரண மதுவிலக்கு அமலுக்கு வந்தது.

அது நீடிக்கவில்லை. சர்க்கார் வருமானம் குறைந்தது. அண்டை ராஜ்யங்களிலிருந்து கள்ளக்கடத்தல் பெருகியது. 1997-ல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டு வேறு மதுவகைகள் திரும்பி வந்தன. ஆயினும் சாராயத் தடை நீங்கவில்லை. பழைய சாராய ஏலமும் திரும்பவில்லை.

அதே நெல்லூரில், சாராயம் ஒழிந்த 1993-ஆம் ஆண்டிலேயே, மாதர் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் மாதம் 30 ரூபாய் சேமிக்கும் சங்கங்கள் 'பொதுப்பு லட்சுமி' என்ற பெயரில் தோன்றின. சேர்ந்த பணத்தை அங்கத்தினர்கள் தமக்குள்ளேயே கடனாக வழங்கிக்கொண்டனர்.