எழுதிக் கொடுத்த நிலமும் இலவசச் சட்ட உதவியும்

கேள்வி: கடைசிவரை காப்பாற்றுவான் என்று நம்பி, என் பேரில் இருந்த ஆறு மா நன்செயை 2016-இல் மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இன்று ஒருவேளைச் சோற்றுக்கே வழியில்லை. வக்கீல் வைக்கப் பணமும் இல்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகி, திருவையாறு வட்டம்

பதில்: அம்மையீர், பெற்றோரை ஆதரிப்பது புத்திரதர்மம் என்று பெரியோர் சொல்லிவந்ததை 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் கட்டாயக் கடமையாகவே ஆக்கிவிட்டமையால், தாங்கள் வக்கீல் எவரையும் நாடாமல், தஞ்சாவூர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமை வகிக்கும் தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சமும் பத்திர ரத்தும் கோரி நேரே விண்ணப்பிக்கலாம்.

பராமரிப்பு நிபந்தனை பத்திரத்தில் எழுதப்படவில்லையே என்று மனம் தளரவும் வேண்டுவதில்லை. நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் மகனுக்கு எழுதிய செட்டில்மெண்டைக் கோட்டாட்சியர் ரத்து செய்தபோது, அன்பின்பேரில் கொடுத்த கொடையில் பராமரிப்பு என்னும் நிபந்தனை உள்ளுறைந்தே இருக்கிறது எனக் கொண்டு, சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவ்வுத்தரவை உறுதி செய்தது. ஆயினும் ஒவ்வொரு வழக்கும் அதனதன் சாட்சியத்தைப் பொறுத்ததே.

மேற்கொண்டு நீதிமன்றம் ஏற நேரிடினும் அஞ்சற்க: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச உதவி உரியதாகையால், தஞ்சாவூரிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தங்களுக்கு வழக்கறிஞரை நியமித்துத் தரும். ஆடவராயின் வருமான வரம்பு முதலிய தகுதிகள் பார்க்கப்படும்.

விவரம் கேட்கத் தொலைபேசி எண் 15100. முதியோர்க்கென்றே உள்ளது 14567. செல்லும்போது பத்திர நகல், ஆதார், வயதுச் சான்று ஆகியவற்றை உடன் கொண்டு செல்க.