தடம்

நுழையும்முன்

பொருள் தேடப் பிரிந்த தலைவன் கார்காலத்தில் மீள்வான் என்னும் நம்பிக்கையே சங்க அகப்பாடல்களில் தலைவியை ஆற்றியிருக்கச் செய்கிறது. மீளுதல் இல்லாத பிரிவும் வாழ்வில் உண்டு. பகை ஏதுமின்றியே ஓர் உறவு முடிந்துபோகலாம். அத்தகைய கணம் ஒன்றைக் காட்டுகிறது, இப்பாடத்திற்கென எழுதப்பெற்ற இப்புதுக்கவிதை. இதன் களம், சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையிலுள்ள வாழவந்தி என்னும் சிற்றூர்.

கவிதை

வாழவந்தி என்றெழுதிய
பலகையின்கீழ் நின்றோம்.
மலை இறங்கும் பேருந்து
இன்னும் வரவில்லை.

'மழை வரும்போலிருக்கிறது' என்றாய்.
'ஆம்' என்றேன்.
இருவரிடமும் மிஞ்சியிருந்தது
வானத்தைப் பற்றிய பேச்சு மட்டும்.

சென்ற ஆண்டு பட்டுப்போன
மிளகுக்கொடியை விலக்கியபின்னும்
மரப்பட்டையில் அப்படியே இருக்கிறது
ஏறிய வழி.

பேருந்து வந்தது.
உன் பையை எடுத்துத் தந்தேன்.
கேள்வியை
நானே வைத்துக்கொண்டேன்.

சொல்லும் பொருளும்

பட்டுப்போன – காய்ந்துபோன. விலக்கி – அகற்றி

கவிதையின் போக்கு

இருவர் யார், ஏன் பிரிகின்றனர் என்பதைக் கவிதை கூறவில்லை. அவர்கள் காதலராகவோ நண்பராகவோ உடன்பிறந்தாராகவோ இருக்கலாம். ஆயினும், உறவு முடிந்துவிட்டதை வினைமுற்றுகள் உணர்த்திவிடுகின்றன. 'நின்றோம்' என்பது தன்மைப் பன்மை வினைமுற்று. அதன்பின் 'என்றாய்' என முன்னிலை ஒருமையும், 'என்றேன்', 'தந்தேன்', 'வைத்துக்கொண்டேன்' எனத் தன்மை ஒருமையுமே வருகின்றன. 'நாம்' என்னும் உணர்வு இரண்டாம் அடியோடு நின்றுவிடுகிறது.

ஊர்ப்பெயரில் 'வாழ' என்னும் சொல் ஒலிக்கிறது. அப்பெயர் எழுதிய பலகையின்கீழேயே பிரிவு நிகழ்வது கவிதையின் துயரத்தை மிகுவிக்கிறது.

மிளகுக்கொடி பற்றுவேர்களால் மரத்தைப் பற்றி ஏறுவது. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் நிழல்மரங்கள்மீது அது படர்ந்திருக்கும். கொடி போனபின்னும் பட்டையில் சுவடு எஞ்சுவதுபோல, உறவு போனபின்னும் மனத்தில் நினைவு எஞ்சுகிறது. மரம் வீழ்ந்துவிடவில்லை என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

சங்க இலக்கியம் மிளகைக் 'கறி' என வழங்கும். அது மலைநிலத்துப் பயிர். மலைக்குரிய குறிஞ்சித் திணையின் உரிப்பொருள் புணர்தல், பிரிதல் பாலைக்குரியது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறும். இக்கவிதையிலோ மலை வறளவில்லை, மழையும் வரப்போகிறது. திரிந்தது உறவு மட்டுமே. நிலம் பசுமையாய் இருக்க, மனம் பாலையாகிறது.

இறுதியில் கேட்கப்படாத கேள்வி ஒன்று எஞ்சுகிறது. ஓர் உறவு தொடர இருவரின் இசைவும் வேண்டும். முடிய ஒருவரின் விருப்பமே போதும். பிரிய விரும்பியவரைத் தடுக்காமலும் பழிக்காமலும் பையை எடுத்துத் தருவது எளிய செயலன்று. அதே வேளையில், கேட்டிருந்தால் உறவு பிழைத்திருக்குமோ என்னும் ஐயத்தையும் கவிதை விட்டுச்செல்கிறது.

தெரியுமா?

ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' என்னும் கவிதை 1934ஆம் ஆண்டு மணிக்கொடி இதழில் வெளிவந்தது. தமிழ்ப் புதுக்கவிதையின் தொடக்கமாக அதனைக் குறிப்பிடுவர்.

கற்பவை கற்றபின்...

1. இரண்டாம் பத்தியை இருவராக வாய்விட்டுப் படிக்க. முதன்முறை 'ஆம்' என்பதை உடனே கூறுக. மறுமுறை ஐந்து நொடி அமைதிக்குப் பின் கூறுக. கேட்டோர் உணர்ந்த வேறுபாட்டை வகுப்பில் பகிர்க.

2. 'பேருந்து வந்தது' என்னும் அடிக்குப் பின் தன்மைப் பன்மை வினைமுற்று அமையுமாறு ஓரடி சேர்க்க. கவிதையின் பொருள் எவ்வாறு மாறுகிறது?

3. வைத்துக்கொண்ட கேள்வி எதுவாக இருக்கும்? கவிதை மாந்தரின் குரலில் ஒரு தொடராகத் தாளில் எழுதுக, பெயரிட வேண்டா. சொந்த வாழ்வை வெளிப்படுத்த வேண்டியதில்லை. தாள்களைக் குழுவில் படித்தபின், கேள்வியைக் கவிஞர் எழுதாமல் விட்டது ஏன் எனக் கலந்துரையாடுக.

4. 'கேளாமல் விட்டது பெருந்தன்மையே' – 'கேளாமல் விட்டது அச்சமே' என்னும் தலைப்புகளில் சொற்போர் நிகழ்த்துக. ஒவ்வொரு கருத்துக்கும் கவிதையிலிருந்து சான்று காட்டுக.

5. பேருந்தில் ஏறியவரின் கூற்றாக எட்டு அடிகளில் கவிதை எழுதுக. எவரையும் பழிக்கும் சொல் இடம்பெறலாகாது. உங்கள் ஊரின் மரம், பயிர், தொழில் ஆகியவற்றுள் ஒன்று உவமையாகட்டும்.