சங்கிலியும் சட்டமும்

பாம்பன் பாலத்தாலும் இராமேசுவரம் கோயிலாலும் பெயர் பெற்றது நம் மாவட்டம். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலையில் நடந்த ஒரு தீ விபத்தும் அதன் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. கீழக்கரையை அடுத்த ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். எழுந்து ஓட வழியின்றி 25 பேர் மாண்டனர்; காயமுற்ற மூவர் பின்னர் இறக்க, எண்ணிக்கை 28 ஆயிற்று.

அப்போது நாங்கள் பிறக்கவே இல்லை. ஆயினும் குடிமையியல் பாடத்தில் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவை, அதாவது உயிருக்கும் உடல் சுதந்திரத்திற்கும் உள்ள உரிமையைப் படித்தபோது, எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி பிறந்தது. நோயாளியைக் கட்டி வைப்பதைத் தடுக்க அன்று சட்டமே இல்லையா?

இருந்தது, தோழியரே! வெள்ளையர் காலத்து 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 1987-இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டது. அது 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளிகளுக்கான இல்லம் நடத்த உரிமம் வேண்டும் என்றும், நோயாளியை இழிவாகவோ கொடுமையாகவோ நடத்தக் கூடாது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. எட்டு ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சட்டம் ஏர்வாடி வரை வந்து சேரவில்லை.

ஆனால் சங்கிலி எப்படி வந்தது? ஏர்வாடி தர்காவின் புனித நீரும் விளக்கு எண்ணெயும் நோய் தீர்க்கும் என்று நம்பி, சாதி மத வேறுபாடின்றிப் பல மாநிலத்தவரும் அங்கே வருகின்றனர். கனவில் உத்தரவு கிடைக்கும் வரை தங்குவது வழக்கம். அது மாதக் கணக்கிலும் ஆகலாம். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த குடும்பத்தார் எத்தனை நாள் உடனிருப்பார்கள்? ஆகவே சுற்றிலும் தனியார் நடத்திய காப்பகங்களில் பணம் கட்டி நோயாளியை விட்டுச் சென்றனர். அங்கே பார்த்துக்கொள்ள ஆட்கள் குறைவு. காவலாள் செய்ய வேண்டிய வேலையைச் சங்கிலி செய்தது. இரும்புக்குச் சம்பளம் வேண்டாம் அல்லவா? மாற்கு நற்செய்தியில் கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதனையும் ஊரார் சங்கிலியால்தான் கட்டிப் பார்த்தார்கள்.

விபத்துக்குப் பின் ஒரு வாரத்திற்குள் அரசு அக்காப்பகங்களை மூடியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் அரசின் பொறுப்பில் வந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஓர் அரசு மனநல மருத்துவமனை வேண்டும், மனநோயாளிகளைச் சங்கிலியிடக் கூடாது, அவர்களைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என 2002 பிப்ரவரியில் ஆணையிட்டது.

இதில் கடைசிப் பகுதி மட்டும் போதாது என்பது எங்கள் எண்ணம். மருத்துவர் இல்லாத ஊரில் நின்றுகொண்டு மருத்துவரிடம் போ என்றால் ஏழைத் தாய் எங்கே போவாள்? பெல்ஜியம் நாட்டில் கீல் என்றோர் ஊர் உண்டு. அங்கே புனித டிம்ப்னாவின் திருத்தலத்திற்கு மனநோயாளிகளை அழைத்து வருவது இடைக்காலம் முதல் வழக்கம். ஏர்வாடியைப் போலவேதான்! ஆனால் அவ்வூரார் நோயாளிகளைத் தம் வீடுகளில் ஏற்று, உடன் உண்ணவும் வேலை செய்யவும் விட்டனர். 1930-களின் இறுதியில் 3,500-க்கும் மேற்பட்டோர் அவ்வாறு வாழ்ந்தனர். பின்னர் மருத்துவமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. நம் ஏர்வாடியிலும் பிற்காலத்தில் ‘தவா–துவா’ என்ற பெயரில், வழிபாட்டைத் தடுக்காமல் தர்காவை ஒட்டியே மருத்துவரும் மாத்திரையும் கிடைக்கத் திட்டம் வந்தது. இதுவே எங்களுக்குச் சரியெனப் படுகிறது.

இப்போது நடப்பில் உள்ளது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே மாதம் முதல் அமலில் இருக்கிறது. அதன் 95-ஆம் பிரிவு, மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகக் கூறுகிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவையான நேரத்திற்கு மேல் போகாமல் நோயாளியின் உடலைக் கட்டுப்படுத்தலாம். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆள் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்று தனியாக ஒரு வரியும் உண்டு. அதைப் படித்தபோது எங்களுக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வந்தது.

எங்களை நெடுநேரம் வாதாட வைத்தது வேறொன்று. நோயாளி மருந்து வேண்டாம் என்கிறார். விட்டால் கடலில் இறங்கிவிடுவார் என்று தாய் அஞ்சுகிறாள். யார் சொல் செல்லும்? தாயின் சொல் மட்டும் போதாது என்கிறது சட்டம். மனநல மருத்துவர் ஒருவரும், மற்றொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே பார்த்து, ஆபத்து உண்டு என்று கூறினால்தான் நோயாளியின் விருப்பமின்றிச் சேர்க்கலாம். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். நோயாளி அதை எதிர்த்து மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். மேலும், நலமாக இருக்கும்போதே, நோய் வந்தால் தமக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எவரும் எழுதி வைக்கலாம். எங்களுள் பாதிப்பேர் இதை வரவேற்றோம். மற்றவர்கள், இரவு பத்து மணிக்கு மகன் வீட்டை விட்டு ஓடும்போது இரண்டு மருத்துவருக்கு அந்தத் தாய் எங்கே போவாள் என்று கேட்டார்கள்.

இன்னொரு பிரிவு நம் எல்லோரையும் தொடுகிறது. பராமரிப்பவரே ஒரு மனநோயாளியைக் கொடுமைப்படுத்துவதாகவோ கவனியாமல் விடுவதாகவோ அறிந்தவர் எவராயினும் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 101-ஆம் பிரிவு. அடுத்த வீட்டுத் தாய் வேறு வழியின்றி மகனைத் திண்ணைத் தூணில் கட்டியிருந்தால்? அவளைக் காட்டிக் கொடுப்பதா என்று சிலர் கலங்கினோம். காவலர் தகவலை நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். அவர் நோயாளியை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையிடலாம் என்று படித்த பின்னரே ஓரளவு தெளிந்தோம். மகனுக்குச் சிகிச்சை கிடைத்தால் தாய்க்கும் கயிறு தேவைப்படாது.

காவல் நிலையம் போகத் தயங்குவோர் முதலில் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022-இல் தொடங்கிய அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசி அது. இரவிலும் பகலிலும் தமிழிலேயே பேசலாம்.